முதன்முறையாக மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அறிய வேண்டியவை

இருசக்கர வாகனக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளரிடம் வருமானச் சான்று, முகவரிச் சான்று, முகவர் தந்த விலைப்பட்டியல் ஆகியவற்றைக் கேட்பது வங்கி வழக்கம். ஹைதராபாத்தில் பணியாற்றும் நாங்கள் இவற்றோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறோம்: வண்டி ஓட்டப் பழகிவிட்டீர்களா, உரிமம் இருக்கிறதா? "வண்டி கைக்கு வரட்டும் சார், பிறகு பழகிக்கொள்ளலாம்" என்பதே பலரும் தரும் விடை. மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் வேலை கிடைத்துத் தமிழகத்திலிருந்து புதிதாக வந்தவர்களும், மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர் பகுதிகளில் தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இதில் ஒன்றுபோலவே இருக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பது எங்கள் உறுதியான கருத்து. முதலில் பழக்கம், அடுத்து உரிமம், அதன் பின்னரே வண்டி. ஏன் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள்; அதாவது நூற்றுக்கு 44 பேருக்கும் மேல். கடன் கணக்கு ஒன்று தவணை தவறினால் அதைச் சீர்செய்ய வழிகள் பல உண்டு. தவணை கட்ட வேண்டியவரே இல்லாமற்போன கணக்குகளையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

உரிமத்திலிருந்து தொடங்குவோம். கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 16 வயதினருக்குச் சட்டம் அனுமதிப்பது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை மட்டுமே. அத்தகைய வண்டி இன்று கடைகளில் அரிது. எனவே "பிள்ளைக்குப் பதினாறு ஆகிவிட்டது" என்று வரும் பெற்றோரிடம் இரண்டு ஆண்டுகள் பொறுக்கும்படியே சொல்கிறோம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம்; வண்டியின் பதிவும் 12 மாதங்களுக்கு ரத்தாகும்.

முதற்படி பழகுநர் உரிமம். இது ஆறு மாதங்களுக்குச் செல்லும். பெற்று 30 நாள்கள் கழிந்த பின் நிரந்தர உரிமத்துக்கான தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். பழகும் காலத்தில் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து இருத்தல் வேண்டும். உரிமம் பெற்ற பயிற்றுநரைத் தவிர வேறெவரையும் பின்னே ஏற்றிக்கொள்ளக் கூடாது; நண்பரையோ தங்கையையோ அமர்த்திக்கொண்டு போவது விதிமீறல். உரிமத்தில் கியர் உள்ளது, கியர் இல்லாதது என இரு வகை உண்டு என்பதையும் மறக்கலாகாது. ஸ்கூட்டருக்கான உரிமம் மட்டும் வைத்திருப்பவர் மோட்டார் சைக்கிளை ஓட்டினால், சட்டத்தின் பார்வையில் அவர் அந்த வண்டிக்கு உரிமம் இல்லாதவரே.

இதை வங்கியாளர்களாகிய நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காப்பீடு ஒரு காரணம். 2004-ஆம் ஆண்டு சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பழகுநர் உரிமம் வைத்திருப்பவரும் முறையான உரிமம் உடையவரே என்று தெளிவுபடுத்தியது. ஆகவே முறைப்படி பழகுபவர் அஞ்ச வேண்டியதில்லை. உரிமமே இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்து விபத்து நேர்ந்தால் நிலைமை வேறு. பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதே தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றம் ஆணையிடலாம். பல இலட்சம் ரூபாய் இழப்பீடு ஒரு நடுத்தரக் குடும்பத்தின் தலையில் விழுவது இப்படித்தான்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 இலட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, யார் பெயரில் வண்டி பதிவாகியுள்ளதோ அவருக்கு, அதுவும் செல்லுபடியாகும் உரிமம் அவரிடம் இருந்தால் மட்டுமே பயன் தரும். தந்தையின் சம்பளத்தைக் காட்டி, தந்தையின் பெயரில் கடனும் வண்டியும் வாங்கி, அன்றாடம் ஓட்டுவது மகனாக இருந்தால், மகனுக்கு இந்தப் பாதுகாப்பு கிட்டாது. ஓட்டப்போகிறவர் பெயரிலேயே வண்டியை வாங்கித் தந்தையைக் கூட்டுக் கடனாளியாகச் சேர்த்துக்கொள்ள இயலுமா என்று கிளையில் கேட்டுப் பாருங்கள்.

இனிப் பழக்கம். கற்பதற்கு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் காலியாகக் கிடக்கும் திடல் போதும். வண்டி இலேசானதாக, இருக்கையில் அமர்ந்தால் இரு பாதங்களும் தரையில் நன்கு பதியும் உயரத்தில் இருக்க வேண்டும். 100 முதல் 125 சி.சி. வரையிலான வண்டிகள் தொடக்கத்துக்கு ஏற்றவை. எஞ்சினை முடுக்காமல் வண்டியைக் கையால் தள்ளி, திருப்பி, நிறுத்துதாங்கியில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடல் அறிவதற்கு இந்த அரை மணி நேரம் உதவும். இதைச் சொல்லித்தரும் பயிற்றுநர்கள் குறைவு.

அடுத்தது கிளட்ச். முதல் கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விடும்போது ஓரிடத்தில் எஞ்சினின் ஒலி தாழ்ந்து வண்டி முன்னே நகர முனையும். அந்தப் புள்ளியைக் கை கண்டுகொள்ளும் வரை, ஆக்சிலரேட்டரைத் தொடாமலே பத்தடி நகர்ந்து நிற்பதும் மீண்டும் நகர்வதுமாகப் பழக வேண்டும். கியர் வரிசை வண்டிக்கு வண்டி மாறும். முதல் கியருக்குக் கீழே அழுத்தி மற்றவற்றுக்கு மேலே தூக்குவது ஒரு முறை. எல்லாக் கியர்களுக்கும் ஒரே திசையில் அழுத்துவது மற்றொரு முறை. இரவல் வண்டியில் ஏறுமுன் கேட்டறிவது நல்லது.

ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. ஸ்கூட்டரில் இடக்கைப் பிடி பின் பிரேக். மோட்டார் சைக்கிளில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். திடீரென்று ஒருவர் குறுக்கே வரும்போது பழைய பழக்கத்தில் இடக்கை இறுகும்; வண்டியோ நிற்பதற்குப் பதில் எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டு ஓடும். மோட்டார் சைக்கிளின் பின் பிரேக் வலக்காலில், முன் பிரேக் வலக்கையில் உள்ளது. பல ஆண்டு ஸ்கூட்டர் ஓட்டியவர்களும் இந்த ஒன்றுக்காகவே திடலில் ஒரு வாரம் செலவிடலாம்.

முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவோம் என்று சொல்லிக்கொடுக்கும் அண்ணன்மார் எல்லாத் தெருவிலும் உண்டு. இது பாதி உண்மை. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரத்தின் மீது சாய்கிறது, பின்சக்கரம் இலேசாகிவிடுகிறது. எனவே நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. சாலை நேராக இருக்கும்போது, சட்டென்று பிடுங்காமல் படிப்படியாக அழுத்தினால் அது பாதுகாப்பானது. வளைவிலும் மணலிலும் கைப்பிடி திரும்பியிருக்கும் நிலையிலும் அழுத்துவதே ஆபத்து. 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய வண்டிகளில் 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், அதற்குக் கீழ்ப்பட்டவற்றில் குறைந்தது இரு பிரேக்குகளையும் இணைத்து இயக்கும் அமைப்பும் கட்டாயமாக்கப்பட்டன. பழைய வண்டி வாங்கிப் பழகுவோர் இதைக் கருத்தில் கொள்க.

சிறு கணக்கு ஒன்று. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி. பிறகு நல்ல உலர்ந்த சாலையில் நிற்பதற்கு ஏறத்தாழ 10 மீட்டர். ஆக 21 மீட்டர். வேகம் 60 ஆனால் முதல் நொடியில் 17 மீட்டர், பிரேக் பிடித்தபின் 23 மீட்டர், மொத்தம் 40. வேகம் ஒன்றரை மடங்கானது, நிற்கும் தூரமோ இருமடங்கை நெருங்கிவிட்டது. வட்டிக்கு வட்டி ஏறுவதைப் புரிந்துகொள்ளும் வாடிக்கையாளருக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று.

தேர்வில் 'எட்டு போடுவது' பலரையும் கலங்கச் செய்கிறது. ஹைதராபாத்தில் நாகோல் போன்ற இடங்களில் அரசின் தேர்வுத் தடங்கள் உள்ளன. காலைத் தரையில் ஊன்றித் தோற்பவர்களைக் கவனித்தால், அவர்கள் பார்வை முன்சக்கரத்தின் மீதே இருக்கும். அடுத்து எங்கே போக வேண்டுமோ அங்கே தலையைத் திருப்பிப் பார்த்து, முதல் கியரில் பாதிக் கிளட்சில் வைத்து, பின் பிரேக்கை இலேசாகத் தொட்டபடி சென்றால் வண்டி தானே வளையும். மெதுவாக ஓட்டத் தெரிந்தவருக்கு நெரிசல் மிகுந்த அமீர்பேட்டையிலும் காலூன்ற வேண்டியிராது.

இவ்வூருக்கே உரிய பாடமும் உண்டு. ஹைதராபாத் பாறைமேட்டு நகரம். சென்னை, தஞ்சைச் சமவெளியில் பழகியவர்கள் பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ் சாலைகளில் மேட்டில் நிற்கும் சிக்னலைக் கண்டு திணறுவார்கள். இடக்காலை ஊன்றி, வலக்காலால் பின் பிரேக்கை அழுத்திப் பிடித்து நில்லுங்கள். பச்சை விழுந்ததும் சற்றே ஆக்சிலரேட்டர் கொடுத்து, எஞ்சின் ஒலி தாழும்வரை கிளட்சை விட்டு, அதன் பிறகே பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். வண்டி ஓர் அங்குலமும் பின்வாங்காது. 158 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலையின் முதன்மைப் பாதையிலும், மெஹதிப்பட்டணத்திலிருந்து செல்லும் பி.வி.நரசிம்மராவ் விரைவு மேம்பாலத்திலும் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. வழிகாட்டும் செயலியில் இருசக்கர வாகனம் என்று தேர்ந்து வைத்துக்கொள்வது நலம். முதல் மழை பெய்த அரைமணி நேரம் சாலையில் படிந்த எண்ணெயும் தூசும் கலந்து வழுக்கும். அந்நேரம் ஏதேனும் ஓர் இரானி தேநீர்க் கடையில் ஒதுங்குவது செலவன்று, சேமிப்பு.

தலைக்கவசம் பற்றி எல்லோரும் அறிவர், அணிவோர்தாம் குறைவு. 2022-இல் தலைக்கவசம் அணியாத நிலையில் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்திருந்தவர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பார்த்து, தலையில் இறுக்கமாகப் பொருந்துவதைத் தேர்ந்து, தாடைப் பட்டையை மாட்டுங்கள். பட்டை மாட்டாத கவசம் விழும்போது தலைக்கு முன்பே தரையைச் சேர்ந்துவிடும். வண்டி வாங்கும்போதே தரமான தலைக்கவசம் ஒன்றை உற்பத்தியாளர் வழங்க வேண்டும் என மத்திய விதி கூறுகிறது, கேட்டுப் பெறுங்கள்.

"இந்த வயதில் பழக முடியுமா?" என்று கேட்கும் பெண் வாடிக்கையாளர்களுக்கு இந்நகரமே விடை வைத்திருக்கிறது. 2018-இல் ஜெய் பாரதி, சாந்தி, ஷில்பா பாலகிருஷ்ணன், பியா பகதூர் என்னும் நான்கு பெண்கள் ஹைதராபாத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் நாடுகளைச் சுற்றி ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர் பயணம் செய்தார்கள். கட்டடக் கலைஞரான ஜெய் பாரதி அதன் பின்னர் மோவோ என்னும் அமைப்பைத் தொடங்கினார். பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்பிப்பதே அதன் பணி. மெட்ரோ நிலையத்திலிருந்து வீடு வரையிலான கடைசி மூன்று கிலோமீட்டருக்காக நல்ல வேலையை மறுக்க நேரும் பெண்களை நாங்கள் அறிவோம். அவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் என்பது சம்பளச் சீட்டுக்குச் சமமான ஆவணம்.

பழகி, உரிமமும் பெற்றபின் கடனுக்கு வாருங்கள். எங்கு கடன் வாங்கினாலும் வட்டி எம்முறையில் கணக்கிடப்படுகிறது என்று கேளுங்கள். ஓர் இலட்ச ரூபாயை 36 மாதங்களுக்கு 10 சதவீத 'ஃபிளாட்' வட்டியில் வாங்கினால் மொத்த வட்டி 30,000 ரூபாய். அதே 10 சதவீதம் குறையும் நிலுவை மீது கணக்கிடப்பட்டால் ஏறத்தாழ 16,160 ரூபாய்தான். முன்னதன் உண்மையான விகிதம் 18 சதவீதத்தை ஒட்டி வரும்.

கடன் உள்ள வரை பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் குறிக்கப்பட்டிருக்கும். கடைசித் தவணை முடிந்ததும் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் பெற்று, போக்குவரத்து அலுவலகத்தில் அந்தக் குறிப்பை நீக்கிக்கொள்ள வேண்டும். தமிழகத்தில் பதிவான வண்டியை இங்குக் கொண்டுவந்து 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்போர், 'டிஎன்' எண்ணை விட்டுத் தெலங்கானாவின் 'டிஜி' எண் பெற வேண்டும். வண்டி மீது கடன் இருந்தால் அதற்கும் கடன் கொடுத்த வங்கியின் ஒப்புதல் தேவை. விண்ணப்பத்தை இங்குள்ள எந்தக் கிளையிலும் கொடுக்கலாம். கடன் கணக்கு எண்ணையும் பதிவுச் சான்றின் நகலையும் உடன் கொண்டுவருக.