பழுதான வட்டுக்குப் பிரதி எடுக்கும் தம்பிக்கு



பினாங்குக் கொம்தார்ப் பக்கம் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இறங்கியிருக்கும் உனக்கும், உன்னையொத்த இளைஞர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்து, பிற்காலத்தில் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் முதலிய நிறுவனங்கள் ஆலை நடத்திய இந்தப் பினாங்கில், ஹார்ட்டிஸ்க் நலிந்து போகும் விதத்தை நன்கு அறிந்தவர்களும் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

லிட்டில் இந்தியாவின் ஜவுளி வியாபாரி ஒருவர், காலையில் விண்டோஸ் எழும்ப அரைமணி நேரமாகிறது என்று தம் பல வருஷக் கணக்குகள் அடங்கிய கணினியை உன் மேஜைமேல் வைத்தால், வட்டு நலிந்திருக்கலாம் என்று சந்தேகித்து, அதை மறுபடி முடுக்கிப் பார்க்கும் ஆவலை முதலில் அடக்கிக்கொள். இயங்குதளம் குடியிருக்கும் வட்டு, விசையைத் தட்டிய கணம் முதல் ஓயாமல் படித்தும் எழுதியும் உழல்வது. மிஞ்சியிருக்கும் சொற்ப ஆயுளையும் அந்த வீண் உழைப்பு தின்றுவிடும். விண்டோஸின் 'செக்டிஸ்க்' ஓட்டிச் சீர்செய்கிறேன் என்று புறப்படுவது அதைவிடப் பெரிய அனர்த்தம். சிகிச்சையெல்லாம் பிரதிக்குத்தான், மூலத்துக்கு ஒருபோதும் கூடாது.

வட்டைக் கழற்றி, லினக்ஸ் ஓடும் வேறொரு கணினியில் மாட்டி, வட்டு தன் நலத்தைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார். உள்ளே தலை தட்டும் சத்தம் கேட்குமானால் அக்கணமே மின்சாரத்தை நிறுத்தி, தூசி புகாத அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்கு அனுப்பு. செலவு அதிகமாகும் என்பதையும் உரிமையாளரிடம் ஒளிக்காமல் சொல்.

மற்றபடி, புதிய வட்டில் பிரதி எடுக்க, அந்தோனியோ தியாஸ் தியாஸ் என்பவர் எழுதிய 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச நிரலே போதும். சிதைந்த ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதிய நம் பதிப்பாசிரியர்கள், படிக்க இயன்றதை எழுதிக்கொண்டு, செல்லரித்த இடத்தில் புள்ளியிட்டு மேலே சென்றார்கள் அல்லவா? அதே விவேகம் இந்த நிரலுக்கும் உண்டு. நல்ல பகுதிகளை முதல் சுற்றில் விரைந்து அள்ளிக்கொண்டு, இடறும் இடங்களைத் தாண்டிச் சென்று, பின்னரே அவற்றின் ஓரங்களைச் சுரண்டி, இறுதியில் மீண்டும் முயன்று பார்க்கும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்தும் வைக்கும். அந்தக் கோப்பை மூன்றாவதொரு வட்டில் சேமித்துவை. இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கட்டளையிடுமுன், எது மூலம், எது புதியது என்பதை வரிசை எண்ணைக் கண்ணால் பார்த்தே உறுதிசெய்; இடம் மாறினால் வெற்றுவட்டு நல்ல தகவல்மேல் ஏறிவிடும், பிறகு தெய்வத்தாலும் ஆகாது. புதிய வட்டு மூலத்தைவிட ஒரு செக்டர்கூடக் குறையலாகாது. 500 ஜிபி என்று பெயர் எழுதிய இரண்டு வட்டுகளும் சம அளவாகத்தான் இருக்கும் என்று நம்பாதே. பிரதி முடிந்தபின் இரண்டையும் ஒருசேர மாட்டி விண்டோஸை எழுப்பாதே; அடையாளம் ஒன்றாக இருப்பதால் அது குழம்பும்.

கணினி எழும்பிவிட்டது என்பதோடு வேலை முடிந்ததென்று எண்ணாதே. வியாபாரியையே அருகில் உட்காரவைத்து, கணக்குக் கோப்புகளைத் திறந்து பார்க்கச் சொல்; படிக்க முடியாமற்போன இடங்கள் இருந்தால் அவற்றையும் தெரிவி. பழைய வட்டை அவர் சம்மதமின்றி அழிக்காதே; அவரிடமே திருப்பிக் கொடு.