கடல்மீன் தொட்டிக்குக் கல் தயார் செய்யும் முறை

எங்கள் ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் 'ரீஃப்' என்றால் தங்கம் உள்ள பாறை. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் பெயரில் உள்ளதும் அதுவே. பெங்களூரில் படிக்கும் என் பேரன் விடுமுறைக்கு வந்தபோது, "தாத்தா, ரீஃப் தொட்டி வைக்கப் போகிறேன். இங்கேயே கல் பொறுக்கிக்கொள்ளலாமா?" என்று கேட்டான். அவன் சொன்னது கடலில் உள்ள பவளப்பாறையை. பெயர் ஒன்றுதான், கல் வேறு. நாங்கள் கற்றுக்கொண்டதை வாசக அன்பர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்.

ஆகாத கற்கள்

கல்லின் மேல் சில சொட்டு வினிகர் விடுங்கள். பவளமும் சிப்பியும் சுண்ணாம்புச் சத்து ஆனதால் நுரைக்கும். எங்கள் ஊர் வெள்ளைக் குவார்ட்ஸ் கல் நுரைக்காது. தங்கப் பாறையோடு கந்தகத் தாதுக்களும் உலோகங்களும் கலந்திருக்கும். 2001-இல் சுரங்கம் மூடிய பிறகும் சயனைடு மேடுகள் அப்படியே நிற்கின்றன. அங்கிருந்து ஒரு கல்லும் எடுக்கக் கூடாது.

கடற்கரையில் கிடக்கும் பவளமும் வேண்டாம். 2001 முதல் கற்பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியதன் விளைவாக இரண்டு தீவுகள் மூழ்கியதை நாம் மறக்கக் கூடாது.

நாங்கள் செய்த கல்

வெள்ளைச் சிமெண்ட் ஒரு பங்கு, நொறுக்கிய சிப்பி நான்கு பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, ஈர மணலில் குழி பறித்து வார்த்தோம். பிறகு தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து கல்லில் துளைகள் விழும். அந்தத் துளைகள்தான் நமக்கு முக்கியம்.

இங்கேதான் நான் தவறினேன். ரயில்வேயில் கான்கிரீட்டுக்கு 28 நாள் கணக்குப் பார்த்தே பழகியவன். 28 நாள் நனைத்தோம், தொட்டியில் அடுக்கினோம், இரண்டு மீன்களையும் விட்டோம். விடிவதற்குள் இரண்டும் இறந்துவிட்டன. பேரன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிக வருத்தம்.

28 நாள் என்பது கான்கிரீட்டின் பலத்துக்கான கணக்கு. சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிவது அதற்குப் பிறகும் நிற்பதில்லை. கடல்நீரின் பி.எச். அளவு சுமார் 8.2. எங்கள் தொட்டியில் 9-ஐத் தாண்டியிருந்தது. பி.எச். ஏற ஏற, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நச்சும் கூடும்.

சரியான முறை

1. கல்லை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வாரம் இருமுறை நீரை மாற்றுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கலாம். புதுத் தண்ணீரில் இரண்டு நாள் கிடந்தும் பி.எச். ஏறாவிட்டால் கல் தயார்.

2. அடுத்து, மூடிய தொட்டியில் உப்புநீர் நிரப்புங்கள். லிட்டருக்குச் சுமார் 35 கிராம், கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்பு. சமையல் உப்பு ஆகாது. கல்லைப் போட்டு, பம்பு ஓடட்டும். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும்.

3. மீனுக்குப் பதில் சிறிது அம்மோனியா விடுங்கள், லிட்டருக்கு 2 மில்லிகிராம் போதும். கல்லின் துளைகளில் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

4. விட்ட அம்மோனியா 24 மணி நேரத்தில் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யம் ஆனால், நீரில் பெரும்பகுதியை மாற்றிவிட்டு முதல் மீனை விடலாம்.

ஓர் எச்சரிக்கை

யாராவது பழைய பவளத் தொட்டிக் கல்லைக் கொடுத்தால், நம் வீட்டு வழக்கப்படி வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைக்காதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் சில உயிரினங்களில் பாலிடாக்சின் என்னும் கடும் விஷம் இருக்கலாம். அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு.

இரண்டாம் முறை, தினமும் அளந்து நோட்டில் எழுதியவன் என் பேரன்தான். அவன் சரி என்று சொன்ன பிறகே மீன் வாங்கினோம். இப்போது அவை நலமாக இருக்கின்றன.