இரண்டு பேஸ், ஒரே ஹெட்: எதைப் பார்த்து வாங்குவது?

முதல் பாதியில் டபுள் பேஸ், இரண்டாம் பாதியில் எலெக்ட்ரிக் பேஸ். ஜாஸ் மேடைகளில் இது சகஜம். ஸ்டான்லி கிளார்க், ஜான் பட்டிட்டுச்சி, எஸ்பரான்சா ஸ்பால்டிங் எல்லோருமே இரண்டையும் வாசிப்பவர்கள்தான். இப்படி வாசிப்பவருக்குத் தலைவலி பெரும்பாலும் ஆம்பில் இருந்துதான் வரும். எலெக்ட்ரிக் பேஸில் நெஞ்சை அதிரவைத்த அதே ஹெட்டில் டபுள் பேஸைச் செருகினால், தகர டப்பாவைத் தட்டுவதுபோல ஒலிக்கும். வால்யூமைக் கூட்டினால் ஊளையிடும்.

இதற்காக இரண்டு ஆம்ப் சுமக்க வேண்டியதில்லை. ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: டபுள் பேஸுக்குப் பொருந்தும் ஹெட்டைத் தேடுங்கள். எலெக்ட்ரிக் பேஸ் எதனோடும் அனுசரித்துப் போகும். டபுள் பேஸ் போகாது.

பேஸ் ஆம்ப் வரலாறே டபுள் பேஸோடு பின்னியதுதான். 1940களில் எவரெட் ஹல் என்பவர், டபுள் பேஸ் தரையில் ஊன்றி நிற்கும் முனைக்குச்சிக்குள் மைக் வைத்து ஒலியைப் பெருக்கினார். அந்தக் குச்சிக்கு ‘ஆம்ப்ளிஃபைடு பெக்’ என்று பெயர். அது சுருங்கித்தான் ‘ஆம்பெக்’ நிறுவனம் ஆனது. ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் கடைக்கு வந்தது 1951இல். அதன்பின் சந்தை எலெக்ட்ரிக் பக்கம் சாய்ந்தது. இன்று கடையில் அடுக்கியிருக்கும் ஹெட்களில் பெரும்பாலானவை எலெக்ட்ரிக் பேஸை மனதில் வைத்துச் செய்தவை. அதனால் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

1. இன்புட் இம்பீடன்ஸைப் பாருங்கள்

எலெக்ட்ரிக் பேஸில் இருப்பது பெரும்பாலும் காந்த பிக்கப். டபுள் பேஸில் பொதுவாகப் பொருத்துவது பீசோ பிக்கப். கம்பி அதிரும்போது பிரிட்ஜில் ஏற்படும் அழுத்தத்தை இது மின்னழுத்தமாக்குகிறது. மின்சாரக் கணக்கில் பீசோ ஒரு சின்ன கெப்பாசிட்டர் மாதிரி. ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸும் இந்தக் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் கீழ் ஒலிகளை வெட்டும் ஒரு ஃபில்டர் உருவாகிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிக்கப்பின் கெப்பாசிட்டன்ஸ் 1 நானோஃபாரட், ஆம்ப் இன்புட் 1 மெகாஓம் என்று வைத்துக்கொண்டால், 159 ஹெர்ட்ஸில் இருந்தே ஒலி கீழ்நோக்கிச் சரியத் தொடங்கும். டபுள் பேஸின் நான்கு வெறுங்கம்பிகளும் சுமார் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். எல்லாமே அந்தக் கோட்டுக்குக் கீழே. தகர டப்பா சத்தம் இங்கிருந்துதான் வருகிறது. அதே பிக்கப்பை 10 மெகாஓம் இன்புட்டில் செருகினால் கோடு 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். எந்தச் சுரத்துக்கும் சேதமில்லை.

ஆகவே மேனுவலின் கடைசிப் பக்கங்களில் இன்புட் இம்பீடன்ஸ் எவ்வளவு என்று தேடுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் பீசோவை நேராகச் செருக அது ஆகாது. 5 முதல் 10 மெகாஓம் இருந்தால் நிம்மதி. காந்த பிக்கப்புக்கு 1 மெகாஓம் தாராளம்.

2. இரண்டு சேனல் உண்டா?

பேட்டரி போட்ட எலெக்ட்ரிக் பேஸின் சிக்னல் பலமாக வரும். பீசோவின் சிக்னல் பலவீனமாக வரலாம். ஒரே சேனல் என்றால் பாட்டுக்குப் பாட்டு கெய்ன், டோன் குமிழ்களைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தனித்தனி கெய்ன், தனித்தனி ஈக்யூ கொண்ட இரண்டு சேனல் ஹெட்தான் உத்தமம். அக்கூஸ்டிக் இமேஜின் கிளாரஸ் வரிசையில் இரண்டு சேனல் மாடல்கள் வந்திருக்கின்றன.

சேனலை மியூட் செய்யும் வசதியும் முக்கியம். ஸ்டாண்டில் சாத்திவைத்த டபுள் பேஸ் சும்மா இருக்காது. நீங்கள் எலெக்ட்ரிக் வாசிக்கும் சத்தத்தைத் தன் மரப்பலகையில் வாங்கி, பீசோ வழியாக மறுபடி ஆம்புக்கே அனுப்பும்.

3. ஊளையை அடக்கும் மூன்று ஆயுதங்கள்

முதலாவது, ஹை பாஸ் ஃபில்டர். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள அதிர்வுகளை இது வெட்டும். அளவை நகர்த்தும் குமிழ் இருந்தால் 30 ஹெர்ட்ஸில் தொடங்கி, தேவையற்ற உறுமல் வற்றும்வரை மெல்ல உயர்த்துங்கள். 60, 70 ஹெர்ட்ஸ் வரை போனாலும் பயம் வேண்டாம். ஈ கம்பியின் 41 ஹெர்ட்ஸ் குறைந்தாலும், அதன் மேல் அடுக்கான 82, 123 ஹெர்ட்ஸைக் கொண்டே காது அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, ஃபேஸ் சுவிட்ச். ஸ்பீக்கர் தள்ளும் காற்று பேஸின் முன்பலகையை அதன் போக்கிலேயே தள்ளினால் ஊளை வளரும். சுவிட்சைத் திருப்பினால் எதிர்த்துத் தள்ளும். எந்தப் பக்கம் நல்லது என்பது நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு மேடையிலும் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, நாட்ச் ஃபில்டர். ஒரே ஒரு சுரம் மட்டும் குமுறினால், அந்த இடத்தை மட்டும் கிள்ளி எடுக்கும்.

மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் ஹை பாஸ் ஃபில்டரைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து கம்பி எலெக்ட்ரிக் பேஸிலும் அது உதவும். பி கம்பி 31 ஹெர்ட்ஸ்தான், அதற்குக் கீழே ஸ்பீக்கர் வீணாக ஆடத் தேவையில்லை.

4. குணம் எப்படி?

சில ஹெட்கள் தங்கள் சாயத்தை ஒலியில் ஏற்றும். 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி அப்படிப்பட்டது. 300 வாட்ஸ் வால்வ் ஆம்பான அதன் கரகரப்புக்காகவே ராக் வாசிப்பவர்கள் அதை நேசித்தார்கள். டபுள் பேஸுக்கு அந்தக் கரகரப்பு பகை. மரத்தின் சத்தம் அப்படியே வர வேண்டும். எல்லாக் குமிழ்களும் நடுவில் இருக்கும்போது சாயம் ஏற்றாத ஹெட்டை எடுங்கள். எலெக்ட்ரிக்குக் கரகரப்பு வேண்டும் என்றால் ஒரு பெடல் போதும். வில் போட்டு வாசிப்பவர்கள் மிட் ஈக்யூவையும் கவனிக்க வேண்டும். பீசோவில் வில்லின் கீறல் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கூர்மையாகக் குத்தும், அதைக் குறைக்க வழி வேண்டும்.

5. வாட்ஸும் ஓமும்

வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு அது கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. 4 ஓமில் 500 வாட்ஸ் என்று எழுதியிருக்கும் ஹெட் 8 ஓம் கேபினட்டில் ஏறக்குறைய பாதிதான் தரும். உங்கள் கேபினட் எத்தனை ஓம் என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். இரண்டு 8 ஓம் கேபினட்டை இணையாக இணைத்தால் 4 ஓம். இரண்டு 4 ஓம் என்றால் 2 ஓம். 4 ஓம் வரைதான் தாங்கும் ஹெட்டில் அதைச் செய்யக் கூடாது.

கிளாஸ் டி ஆம்ப்கள் எடையைக் குறைத்துவிட்டன. அகிலாரின் டோன் ஹாமர் 500 இரண்டு கிலோகூட இல்லை. தோளில் டபுள் பேஸைச் சுமப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல.

6. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

மிக்சருக்குப் போகும் எக்ஸ்எல்ஆர் டி.ஐ. அவுட் கட்டாயம் வேண்டும். ஈக்யூவுக்கு முன்னா பின்னா என்று மாற்றும் சுவிட்ச் இருந்தால் சவுண்ட் இன்ஜினியரோடு சண்டை வராது. பேஸில் சிறிய கண்டென்சர் மைக் மாட்டுபவர்கள் ஹெட்டில் 48 வோல்ட் ஃபான்டம் பவர் உண்டா என்று பாருங்கள். அமெரிக்காவில் இருந்து வரவழைக்கிறீர்கள் என்றால், அங்கே 120 வோல்ட், இங்கே 230. ஹெட் 230ஐ ஏற்குமா என்று உறுதிசெய்த பிறகே பணம் கட்டுங்கள்.

7. கடையில் சோதிப்பது

இரண்டு பேஸையும், முடிந்தால் உங்கள் கேபினட்டையும் எடுத்துப் போங்கள். முதலில் டபுள் பேஸ். குமிழ்கள் எல்லாம் நடுவில். ஒவ்வொரு சுரமாக ஏறி இறங்குங்கள். ஏதாவது ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று கேளுங்கள். பிறகு மேடையில் வைக்கும் அளவுக்கு வால்யூமை ஏற்றி, கம்பிகளைத் தொடாமல் நில்லுங்கள். ஊளை வந்தால் ஃபில்டரும் ஃபேஸ் சுவிட்சும் அதை அடக்குகின்றனவா என்று பாருங்கள். எலெக்ட்ரிக்கைக் கடைசியில் செருகினால் போதும்.

ஏற்கனவே ஹெட் இருக்கிறதா?

அப்படியானால் அதை விற்க அவசரப்படாதீர்கள். டபுள் பேஸுக்கென்று ஒரு ப்ரீஆம்ப் வாங்கி முன்னால் வைத்தால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. ரேடியல் பிஇசட்-ப்ரீயில் இரண்டு இன்புட் உண்டு. பீசோவுக்காக 10 மெகாஓம் வசதியும் உண்டு. பீசோவில் இருந்து ப்ரீஆம்ப் வரையிலான கேபிளை மட்டும் நீளமாக வைக்காதீர்கள். நீளம் கூடக் கூட சிக்னல் பலம் குறையும்.

கடைக்காரர் முதலில் வாட்ஸைத்தான் சொல்வார். நீங்கள் முதலில் இன்புட் எத்தனை மெகாஓம் என்று கேளுங்கள்.