டோக்கியோவில் ஒரு நூறாண்டுக் காடு

கோயில் பார்க்கப் போனவன் காட்டைப் பற்றி எழுதுகிறானே என்று நண்பர்கள் நகைக்கக் கூடும். தாவரவியல் படிப்பவனின் கண் கோபுரத்தைவிட மரத்தையே முதலில் தேடும். மேலும், நான் கண்ட அந்த ஆலயத்தில் கோபுரம் என்று ஒன்று இல்லை. காடுதான் அங்கே கோபுரம், மதில், பிரகாரம் எல்லாம்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இரண்டு வாரம் டோக்கியோ மாநகரில் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. என் அக்காவும் அத்தானும் அங்கே நிஷி கசாய் என்னும் பகுதியில் வாழ்கின்றனர். ஒரு ஞாயிறு காலை அக்கா என்னைச் சுரங்க ரயிலில் ஏற்றி, ஓத்தேமாச்சியில் வண்டி மாற்றி, மெய்ஜி ஜிங்கூ என்னும் ஆலயத்திற்கு அழைத்துச் சென்றாள். நிலையத்தின் ஒருபுறம் ஹராஜுகு கடைத்தெரு. அங்கே இளைஞர் கூட்டம் நெருக்கியடிக்கிறது. மறுபுறம் ஒரு சிறு பாலம், அதைக் கடந்தால் மரத்தாலான ஒரு வளைவு, அதற்கப்பால் நிழல். நூறு தப்படி நடப்பதற்குள் நகரத்தின் இரைச்சல் யாரோ கதவைச் சாத்தியது போல் அடங்கிவிட்டது.

ஷின்டோ என்பது ஜப்பானியரின் பழஞ்சமயம். அச்சொல்லுக்குத் 'தெய்வங்களின் வழி' என்று பொருள். அதற்கு நிறுவனர் இல்லை. வேதம் என்று ஒரே நூல் இல்லை. மலை, அருவி, முதிர்ந்த மரம், மறைந்த முன்னோர் ஆகிய யாவற்றிலும் உறையக் கூடிய ஆற்றலைக் 'காமி' என்கின்றனர். பௌத்தக் கோயில் வேறு, ஷின்டோ ஆலயம் வேறு. பல நூற்றாண்டுகள் இரண்டும் பின்னிப் பிணைந்தே இருந்தன. 1868-இல் மெய்ஜி அரசுதான் ஆணையிட்டு அவற்றைப் பிரித்தது. ஆலயத்தை அடையாளம் காண எளிய வழி, 'தோரி' எனப்படும் அந்த வளைவுதான். இரு தூண்கள், மேலே இரு குறுக்குச் சட்டங்கள், கதவு கிடையாது.

இவ்வாலயத்தில் வழிபடப்படுவோர் பேரரசர் மெய்ஜியும் அவர் துணைவியார் பேரரசி ஷோக்கென் அவர்களும் ஆவர். 1867-இல் பதினைந்து வயது நிரம்பாத சிறுவராக அரியணை ஏறியவர் மெய்ஜி. அவர் காலத்தில்தான் எடோ நகரம் டோக்கியோ ஆயிற்று, ரயில் வந்தது, 1889-இல் அரசியல் சட்டம் வந்தது. 1912-இல் அவர் மறைந்தபோது, கல்லறை டோக்கியோவில் அமைய வேண்டும் என்று நகர மக்கள் விரும்பினர். ஆயினும் அது கியோத்தோவுக்கு அருகே புஷிமியில் அமைந்தது. கல்லறை கிடைக்காத நகரம் ஆலயம் கேட்டது. 1915-இல் தொடங்கிய பணி 1920 நவம்பர் முதல் நாள் நிறைவுற்றது. பழமை என்று பார்த்தால் நம் ஊர் ஐயனார் கோயிலுக்கு முன்னால் இது குழந்தைதான். ஆனால் அதன் வரலாறு குழந்தைத்தனமானதன்று.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். ஆலயத்துக்கெனத் தேர்ந்த யோயோகி நிலத்தில் பெரும்பகுதி புல்வெளியும் வயலும் சதுப்புமாகவே கிடந்தது. அங்கே காடு வேண்டும். அதைத் திட்டமிட்டவர் ஹோண்டா செய்ரொக்கு. ஜெர்மனியில் வனவியல் கற்றவர். டோக்கியோவின் ஹிபியா பூங்காவை வடிவமைத்தவர். அவருடன் ஹோங்கோ தகனோரி, உஏஹரா கெய்ஜி ஆகியோரும் உழைத்தனர். அன்றைய தலைமை அமைச்சர் ஒகுமா ஷிகெனொபு, நிக்கோ, இசே போன்ற புகழ்பெற்ற ஆலயங்களில் உள்ளது போல் வானளாவிய சுகி மரங்களே, அதாவது ஜப்பானிய சீடர் மரங்களே, நிற்க வேண்டும் என்றார். அகன்ற இலை மரங்களை வைத்தால் ஆலயம் புதர்க்காடு போலாகிவிடும் என்பது அவர் கட்சி. வல்லுநர்களோ, சுகிக்கு ஈரமான மலைமண் வேண்டும், நகரின் புகையையும் வறண்ட மண்ணையும் அது தாங்காது என்று மறுத்தனர். நிக்கோவில் வளர்ந்த சுகியின் தண்டையும் டோக்கியோவில் வளர்ந்த சுகியின் தண்டையும் வெட்டி, வளர்ச்சி வளையங்களை ஒப்பிட்டுக் காட்டியே அமைச்சரை இணங்க வைத்தனராம். தலைமை அமைச்சரிடம் ஆண்டு வளையத்தைக் காட்டி வாதிட்டு வென்ற அறிஞர்களை நினைத்தால், செய்முறைத் தேர்வில் பேராசிரியர் முன் வளையம் எண்ண நடுங்கும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

அவர்கள் வகுத்த திட்டந்தான் இக்கட்டுரையின் உயிர். நட்டவுடனே ஆலயத்துக்குத் தோப்பு போன்ற தோற்றம் வேண்டும். ஆனால் நூறாண்டு கழித்து மனிதன் கை படாமலே தன்னைத் தானே புதுப்பிக்கும் காடாகவும் அது மாற வேண்டும். எனவே முதலில் உயர்ந்த பைன் மரங்களை மேலடுக்காக நிறுத்தினர். அவற்றுக்கிடையே ஹினோக்கி, சவாரா போன்ற ஊசியிலை மரங்கள். அடியில் ஓக், ஷீ, கற்பூரம் ஆகிய பசுமை மாறா அகன்ற இலை மரங்களின் இளங்கன்றுகள். காலப்போக்கில் பைன் மரங்கள் நலிய ஊசியிலை மரங்கள் மேலெழும்; பின்னர் அவற்றையும் முந்திக்கொண்டு அகன்ற இலை மரங்கள் விதானம் அமைக்கும்; ஏறத்தாழ 150 ஆண்டில் காடு நிலைபெறும். நாம் 'தாவரச் சமுதாய வழிமுறை வளர்ச்சி' என்று வகுப்பில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோமே, அதையே ஒரு நகரின் நடுவே 70 ஹெக்டேரில் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். எழுதியவர்களுள் ஒருவரும் விடையைப் பார்க்க உயிரோடிருக்க இயலாது என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள்.

மரங்கள் வாங்கப்பட்டவை அல்ல. நாடெங்கிலுமிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் மரங்கள், 365 வகைகள், நன்கொடையாக வந்தன. ஊர் ஊராக இளைஞர் மன்றத்தினர் வந்து தங்கி மண் சுமந்தனர். ஆள் கணக்கில் அது 1,10,000 ஆயிற்று. நூற்றாண்டையொட்டி 2011 முதல் 2013 வரை அறிஞர்கள் காட்டைக் கணக்கெடுத்தபோது ஏறத்தாழ 36,000 மரங்களே இருந்தன, வகைகளும் குறைந்துவிட்டன. பாதுகாக்கத் தவறியதால் நேர்ந்த குறைவன்று இது. ஒளிக்கும் இடத்துக்கும் போட்டியிட்டு வென்றவை பருத்தன, தோற்றவை மண்ணாயின. விலங்கு, தாவரம், பூஞ்சை யாவும் சேர்த்து ஏறத்தாழ 3,000 வகை உயிரினங்கள் அக்கணக்கெடுப்பில் கண்டறியப்பட்டன. திட்டம் நினைத்ததைவிட விரைவாகவே காடு முதிர்ந்துவிட்டதென்பது ஆய்ந்தோர் கருத்து.

சரளைப் பாதையில் நடந்துகொண்டே அக்காவுக்கு இதையெல்லாம் விளக்கினேன். "எட்டு வருஷமா வர்றேன், இது தானா வளர்ந்த காடுன்னுல்ல நினைச்சேன்" என்றாள். ஹோண்டாவுக்கு இதைவிடச் சிறந்த பாராட்டு இருக்க முடியாது.

வழியில் ஒருபுறம் அரிசி மதுப் பீப்பாய்கள் வைக்கோல் போர்த்து அடுக்கியிருந்தன. எதிரே பிரான்சின் பர்கண்டி திராட்சை மதுப் பீப்பாய்கள். மன்னர் மேனாட்டு உணவையும் ஏற்றவர் என்பதால் இவை காணிக்கையாம். அப்பால் பெரிய தோரி நிற்கிறது. உயரம் 12 மீட்டர்; தூணின் குறுக்களவு 1.2 மீட்டர். முதலில் நின்றது 1966-இல் இடி தாக்கிப் பழுதடைந்தது. அதன் பருமனுக்கு மரம் ஜப்பானில் கிடைக்காமல், தைவான் மலையில் 1,500 ஆண்டுக்கு மேல் வளர்ந்த ஒரு ஹினோக்கியைக் கொணர்ந்து 1975-இல் இப்போதைய தோரியை நிறுத்தினர். காட்டை வளர்க்கும் ஆலயத்தின் வாயிலுக்கு வேற்று நாட்டுக் காட்டின் கிழமரம் ஒன்று சாய்ந்திருக்கிறது. அதைப் பெருமையாகச் சொல்லும் பலகையைப் படித்தபோது என் மனம் முழுதும் ஒப்பவில்லை.

காலணியைக் கழற்றக் குனிந்தேன், அக்கா தடுத்தாள். இங்கே முற்றம்வரை செருப்போடு செல்லலாம். தூய்மை கையிலும் வாயிலும்தான் தொடங்குகிறது. மூங்கில் பிடி வைத்த அகப்பையால் நீர் மொண்டு முதலில் இடக்கை, பின் வலக்கை, பிறகு உள்ளங்கையில் நீர் ஏந்தி வாய், மீண்டும் இடக்கை. முற்றத்தில் மூன்று, ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகள் வண்ணக் கிமோனோ உடுத்துத் தாத்தா பாட்டியரோடு நின்றனர். நவம்பரில் அக்குழந்தைகளுக்கு ஆசி வேண்டும் வழக்கம் உண்டு. காசைப் பெட்டியில் இட்டு, இருமுறை தலை தாழ்த்தி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை தாழ்த்த வேண்டும். வழிபடுவோர் கண்ணுக்குத் தெரியும்படி திருவுருவம் ஏதும் இல்லை.

அவ்விடத்தில்தான் எனக்குத் தயக்கம் வந்தது. இம்மன்னர் காலத்தில், 1910-இல், கொரியா ஜப்பானோடு இணைக்கப்பட்டது. 1925-இல் சியோல் நகரின் மலைமேல் இதே மன்னரையும் சூரியத் தெய்வம் அமத்தெராசுவையும் வைத்து ஓர் ஆலயம் எழுப்பினார்கள். அதன் முன் தலை வணங்குமாறு கொரிய மக்களைக் கட்டாயப்படுத்தினார்கள். போர் முடிந்த 1945-லேயே அது அகற்றப்பட்டது. ஷின்டோவை அரசின் கருவியாக்கிய அக்காலத்தின் விலையை டோக்கியோவும் கொடுத்தது. 1945 ஏப்ரல் 14 வான்தாக்குதலில் இங்கிருந்த மூல ஆலயம் எரிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் நேசநாட்டுப் படைத் தலைமை, அரசையும் ஷின்டோவையும் பிரித்து ஆணையிட்டது. இப்போது நாம் காண்பது 1958-இல் மக்கள் நன்கொடையால் மீண்டும் எழுந்த கட்டடம். மரக் கட்டடம் எரிந்த தீயில் காடு பெரும்பாலும் பிழைத்தது. நீர் நிறைந்த இலைகளையுடைய பசுமை மாறா மரங்கள் எளிதில் தீப்பற்றுவதில்லை. ஒகுமாவின் விருப்பப்படி எங்கும் சுகியே நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். மன்னரை நோக்கி என் தலை தாழவில்லை. முற்றத்தில் சிமெனவா என்னும் வைக்கோல் கயிற்றால் இணைத்து நிற்கும் இரட்டைக் கற்பூர மரங்களை நோக்கிக் கைகூப்பினேன். தவறென்று யாரும் பார்க்கவில்லை.

அம்மரத்தடியில் ஓர் இலை கிடந்தது. கசக்கி முகர்ந்தேன், நம் கோயில் தீபாராதனையின் மணம்! சின்னமோமம் காம்போரா. நம் வீட்டுப் பட்டையின் பங்காளி. நாம் எரித்து வணங்குவதை இவர்கள் வளர்த்து வணங்குகிறார்கள். துறை அருங்காட்சியகத்துக்கு ஆகுமென்று இன்னோர் இலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் நீண்ட துடைப்பத்தோடு ஒரு பெரியவர் பாதையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். குவிந்த சருகைக் குப்பை வண்டியில் ஏற்றாமல் மரங்களின் அடியிலேயே கொட்டினார். இக்காட்டிலிருந்து ஒன்றையும் வெளியேற்றக் கூடாது, சருகு காட்டுக்கே எருவாக வேண்டும் என்பது தொடக்க முதல் வழங்கும் விதி. நூறாண்டாக நாள்தோறும் இப்படிப் பெருக்கித்தான் அந்த மண் கருத்திருக்கிறது. நான் சட்டைப்பையைத் தடவினேன். அவர் பார்க்காத நேரம் பார்த்து இலையை வேலியோரம் போட்டேன். திருடியதைத் திருப்பி வைக்கும்போதும் மறைவு தேவைப்படுகிறது.

அன்று மாலை ஆலயத்தின் வெளித்தோட்டத்துக்கும் சென்றோம். 1926-இல் முடிந்த அத்தோட்டத்தின் கிங்க்கோ சாலை பொன்னிறம் கொள்ளத் தொடங்கியிருந்தது. அதற்கு அருகிலேயே வேலி. விளையாட்டரங்குகளை மாற்றிக் கட்டி உயரமான மாளிகைகள் எழுப்பும் திட்டத்துக்காக, 2024 அக்டோபர் இறுதியில்தான் அங்கே மரம் வெட்டத் தொடங்கியிருந்தார்கள். இசையமைப்பாளர் சகாமோத்தோ ரியூயிச்சி 2023-இல், தம் மறைவுக்குச் சில வாரங்கள் முன்பு, இதை எதிர்த்து நகர ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். நிலத்தில் பெரும்பகுதி ஆலயத்துக்கே உரியது. அரசுப் பணம் பெற இயலாத ஆலயம் உட்காட்டைக் காக்க வெளித்தோட்டத்தின் வருவாயை நம்பியிருக்கிறது என்பது ஒரு நியாயம். மக்கள் தந்த மரத்தை வெட்ட யாருக்கு உரிமை என்பது எதிர் நியாயம். எனக்குப் பின்னதே சரியென்று படுகிறது. ஆனால் காட்டுக்குள் அந்தப் பெரியவரின் கூலி எங்கிருந்து வருகிறது என்பதையும் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். 'ஏமா' என்னும் மரப்பலகையில் வேண்டுதல் எழுதிக் கற்பூர மரத்தைச் சுற்றித் தொங்கவிடுகிறார்கள். அக்கா அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்காகத் தமிழில் நான்கு வரி எழுதினாள். "இந்தச் சாமிக்குத் தமிழ் தெரியுமா?" என்றேன். "மரத்துக்குத்தானே நீ கும்பிட்டே, அதையே கேளு" என்றாள்.

ஊர் திரும்பியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, பிரசாதம் எங்கே என்பதுதான். அங்கே எடுத்து வந்த சீட்டு ஒன்றுதான் என்னிடம் இருந்தது. மற்ற ஆலயச் சீட்டுகளைப் போல் அதில் நற்பலன், தீப்பலன் இராது. மன்னரோ அரசியோ இயற்றிய ஒரு செய்யுளும் விளக்கமும் மட்டுமே இருக்கும். ஆங்கில விளக்கத்தைத் தமிழாக்கிப் படித்துக் காட்டினேன். கட்டுப் போட்ட கண்ணோடு கேட்டவர், சீட்டை வாங்கி முகர்ந்து பார்த்தார். "கற்பூர வாசனை வருதே" என்றார். அந்த இலை இருந்த அதே சட்டைப்பையில்தான் சீட்டையும் வைத்திருந்தேன்.