மார்கழித் தும்மலும் வீட்டு வைத்தியமும்



கார்த்திகை பிறந்துவிட்டால் நம் கிராமத்து வீடுகளில் ஒரு சத்தம் கூடுதலாகக் கேட்கும். விடிகாலையில் வாசல் கூட்டும்போதே பத்துத் தும்மல், பதினைந்து தும்மல். மூக்கில் நீராக ஒழுகும். கண் அரிக்கும். மேல் அண்ணத்தை நாக்கால் சொறியத் தோன்றும். "பனி ஒத்துக்கலை" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். மாசியில் வெயில் ஏறியதும் அடங்குகிறது. அடுத்த வருஷம் திரும்பவும் வருகிறது.

இது சாதாரணச் சளி ஜுரம் அல்ல. சளி ஜுரத்தில் உடம்பு வலிக்கும், காய்ச்சல் காயும், ஒருவருக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் ஒட்டும், பத்து நாளில் போய்விடும். நாம் சொல்வது ஒவ்வாமை. டவுனில் அலர்ஜி என்பார்கள். இதில் காய்ச்சல் இராது. அரிப்பு உண்டு. வாரக்கணக்கில் நீடிக்கும். ஆனால் யாருக்கும் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது.

பனிதான் காரணமா? பனியை மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல. குளிர்ந்த காலைக் காற்று மேலே எழும்பாமல் தரையோடு நிற்கும். அடுப்புப் புகை, ரோட்டுத் தூசி எல்லாம் அதிலேயே தங்கிவிடும். ஐப்பசி மழையில் நனைந்த சுவரிலும் வைக்கோலிலும் பூஞ்சணம் பூத்திருக்கும். சம்பா அறுவடை வந்தால் களத்துத் தூசி. வேலியோரம் சீமைக்கருவேலம், தரிசில் பார்த்தீனியம், இவற்றின் மகரந்தம் வேறு. இதுபோக, பழைய தலையணையிலும் மெத்தையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் குடியிருக்கின்றன. இவற்றில் ஏதோ ஒன்றை உங்கள் உடம்பு பகையாளி என்று நினைத்துத் துரத்துகிறது. அந்தத் துரத்தல்தான் தும்மல்.

ஆகவே, முதல் வைத்தியம் அடுப்படியில் இல்லை, துடைப்பத்தில் இருக்கிறது. உலர்ந்த தரையை வறக்கு வறக்கென்று கூட்டாதீர்கள். தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள். வீட்டுக்குள் ஈரத்துணியால் துடைப்பது அதைவிட மேல். தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். பத்து வருஷத்துத் தலையணையை மாற்றிவிடுங்கள். களத்து வேலைக்கும் வைக்கோல் பிரிக்கவும் போகும்போது மூக்கையும் வாயையும் துண்டால் இறுக்கிக் கட்டுங்கள். வந்ததும் குளித்துத் துணி மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.

இங்கே கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஒட்டடை அடிப்பதும் பரண் சாமான் இறக்குவதும் பெண்களின் வேலை என்று எழுதி வைக்கவில்லை. மனைவிக்குத் தும்மல் உபாதை இருந்தால் அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பீடியைத் திண்ணையில் உட்கார்ந்து குடித்தாலும் புகை உள்ளேதான் வரும்.

அடுத்தது உப்புத் தண்ணீர். செலவில்லாத மருந்து, பலன் உள்ள மருந்தும்கூட. ஒரு லிட்டர் தண்ணீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்க வைத்து, மூடி ஆற வையுங்கள். தலைதட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி தூள் உப்பைப் போட்டுக் கரையுங்கள். மூக்கு வைத்த சிறு கெண்டியோ சுத்தமான பாலாடையோ போதும். முன்னால் குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே மேல்பக்க நாசியில் மெல்ல விடுங்கள். மறு நாசி வழியாக வெளியே வந்துவிடும். பிறகு மெதுவாகச் சிந்துங்கள். அடுத்த பக்கமும் அப்படியே. ஒட்டியிருக்கும் தூசி கழுவிக்கொண்டு போய்விடும். மிச்சத் தண்ணீரை மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

கொதிக்க வைக்காத கிணற்று நீர், குளத்து நீர், குழாய் நீரை மூக்கில் ஏற்றவே கூடாது. 2024-ஆம் ஆண்டு கேரளத்தில் குளத்திலும் ஆற்றிலும் குளித்த குழந்தைகள் சிலர், மூக்கு வழியாகப் புகுந்த அமீபா என்னும் கிருமியால் மூளைக் காய்ச்சல் கண்டு இறந்துபோனார்கள். சோம்பல்பட்டுக் கொதிக்க வைக்காமல் விடுகிற வேலை அல்ல இது.

சரி, நொச்சி, துளசி, தூதுவளை, கற்பூரவல்லி, மிளகுப் பால், இதெல்லாம்? பெரியவர்கள் சொன்னதைத் தள்ளவேண்டியதில்லை. சூடான மிளகு ரசமும் சுக்குத் தண்ணீரும் தொண்டைக்கு இதமாக இருக்கும். நொச்சி இலை போட்டு வேது பிடித்தால் அடைத்த மூக்கு கொஞ்ச நேரம் திறக்கும். ஆனால் ஒவ்வாமையை இவை வேரோடு எடுக்காது. இதமளிப்பது வேறு, குணமாக்குவது வேறு. வேது பிடிப்பவர் பெரியவராக இருக்கட்டும். குழந்தைகளைப் போர்வைக்குள் உட்கார வைக்காதீர்கள். கொதிக்கிற பானை கவிழ்ந்து தொடை வெந்துபோகும். காரமான வாசனை சிலருக்கு இழுப்பைக் கூட்டும். அப்படியானால் நிறுத்திவிடுங்கள்.

கர்ப்பிணித் தாய்மார்கள் ஆடாதோடைக் கஷாயம் குடிக்க வேண்டாம். இருமலுக்குப் பேர்போன மூலிகைதான். ஆனால் அதிலுள்ள சத்து கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கக் கூடியது. வேறு எந்த மருந்தானாலும் நர்ஸம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். குளிப்பாட்டியதும் மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது, மூன்றும் பல வீடுகளில் நடக்கிறது. பாட்டிமார் ஆசையோடுதான் செய்கிறார்கள். ஆனால் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். புகை பிஞ்சு நெஞ்சுக்கு ஆகாது; முடி காய மெல்லிய துணியால் துவட்டினால் போதுமே! கற்பூரம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தடவாதீர்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கவும் கூடாது. தாய்க்குத் தும்மல் என்று தாய்ப்பாலை நிறுத்தவேண்டியதில்லை.

கடையில் தும்மலுக்கு வாங்கும் சில மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். அதைப் போட்டுக்கொண்டு கதிரடிக்கும் இயந்திரத்தின் பக்கமோ மோட்டார் சைக்கிளிலோ போகாதீர்கள். சந்தையில் பேர் சொல்லாத பொடி விற்பவரிடம் ஏமாறாதீர்கள். அப்படிப்பட்ட பொடிகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்துவிடுகிறார்கள். நாலு நாளில் சுகம் தெரியும். மாதக்கணக்கில் தின்றால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும்.

இனி முக்கியமான விஷயம். தும்மலாகத் தொடங்கியது சிலருக்கு நெஞ்சில் இறங்கி இழுப்பாகும். ராத்திரி இருமல், 'வீஸ் வீஸ்' என்ற சத்தம், நெஞ்சு இறுக்கம் இருந்தால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். உறிஞ்சு மருந்து, அதாவது பம்ப், கொடுப்பார்கள். "பழகிட்டா விட முடியாது" என்பது வெறும் பேச்சு. கர்ப்ப காலத்திலும் டாக்டர் கொடுத்த பம்பை நிறுத்தக்கூடாது. தாய்க்கு மூச்சு முட்டினால் வயிற்றுப் பிள்ளைக்கும் காற்று குறையும்.

கல்யாணமாகி வந்த பெண்கள் சிலர் பம்பை டிரங்குப் பெட்டியில் ஒளித்து வைக்கிறார்கள். "நோயாளிப் பொண்ணைக் கட்டி வச்சுட்டாங்கன்னு மாமியார் சொல்லுவாங்களே" என்று பயம். தம்பி, அந்தப் பயத்தைப் போக்கவேண்டியவர் நீங்கள்தான். "ஏம்மா, மருந்து எங்கே இருக்கு? எனக்கும் காட்டு" என்று நீங்களே கேளுங்கள். நடுராத்திரியில் மூச்சு வாங்கும்போது அதை எடுத்துக் கொடுக்கப்போவது உங்கள் கைதானே? மாடத்தில், எல்லோருக்கும் தெரியும் இடத்தில், ஆனால் குழந்தைக்கு எட்டாமல் இருக்கட்டும். மனைவிமார்களும் கணவரின் இழுப்பை "வேலைக் களைப்பு" என்று விட்டுவிடாதீர்கள்.

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, குழந்தைக்கு விலாவின் கீழ்ப்பகுதி மூச்சுக்கு மூச்சு உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, கஷாயம் காய்ச்சிக்கொண்டு நிற்காதீர்கள். படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். பம்ப் இருந்தால் டாக்டர் சொன்னபடி கொடுங்கள். உடனே 108-க்குப் போன் செய்து, கையில் மருந்துச் சீட்டையும் பம்பையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.