பெரியாற்று ஜலமும் வைகை அணையும் உண்டான வரலாறு

கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் நெல் விளைவிக்கும் மிராசுதாரர்கள், தங்கள் வாய்க்காலில் ஓடும் ஜலம் இயற்கையாக இத்திசைக்கு உரியதன்று என்பதை அறிவார்கள். ஆயினும் அது எவ்விதம் வந்தது, எவர் எவர் முயன்றனர் என்னும் விவரம் இளைஞர் பலருக்குத் தெரிவதில்லை. பாசனத்தின் வரலாறு தெரியாதவர் அதன் முறைப்பாட்டையும் எளிதில் மீறிவிடுகிறார் ஆதலால், அதனை இங்குச் சிறிது விரித்துரைப்போம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மேல்புறத்தில் தென்மேற்குப் பருவமழை ஏராளமாகப் பொழிகின்றது. அங்குப் பிறக்கும் பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுவது. மலையின் கீழ்புறமோ மழை மறைவுப் பிரதேசம். ஆகவே வைகை பல மாதங்கள் மணலாறாகவே கிடந்தது. மேற்கே வீணாகும் ஜலத்தைக் கிழக்கே திருப்பலாமென்னும் எண்ணம் முதன்முதல் தோன்றியது எஞ்சினீயர்களுக்கு அன்று. 1789-ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆட்களை மலைக்கு அனுப்பி ஆராயச் செய்தார். பொருள் போதாமையால் காரியம் நின்றது. 1795-இல் சேதுபதியும் பதவியிழந்தார். பின்னர் 1808-இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்பவர் இடத்தைப் பார்வையிட்டு, இது நடவாத காரியம் என்று எழுதிவிட்டார். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷத்துப் பெரும் பஞ்சம் மக்களை வாரிக்கொண்டு போன பிறகே சென்னை அரசாங்கத்தார் இதில் உறுதி கொண்டனர்.

அணை கட்டவேண்டிய இடம் திருவாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. ஆதலால் 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி, ஏறக்குறைய 8,000 ஏக்கர் நிலத்துக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய் வீதம் 999 வருஷக் குத்தகை எழுதப்பட்டது. மறு வருஷம் கர்னல் ஜான் பென்னிகுவிக் மேற்பார்வையில் வேலை தொடங்கிற்று.

அந்த வேலையின் கஷ்டம் இன்று காரில் குமுளி ஏறுவோருக்கு விளங்குவது அரிது. ஜனசஞ்சாரமற்ற காடு, யானையும் புலியும் உலாவும் இடம். சுண்ணாம்பு முதலிய சாமான்கள் சமவெளியிலிருந்து மலையேற வேண்டும். அதற்கெனக் கம்பிக் கயிற்றுப் பாதையும் போடப்பட்டது. ஆற்றுக்குக் குறுக்கே இட்ட தாற்காலிகக் கரைகளைப் பெருவெள்ளம் பலமுறை அடித்துச் சென்றது. அதைவிடக் கொடியது மலைஜுரம். கூலிக்கு வந்தவர் பலர் மாண்டனர். அணையருகே அந்நாளைய துரைமார் சிலரது கல்லறைகள் உள. பெயர் பொறிக்கப்படாமல் புதைக்கப்பட்ட கூலியாட்களுக்குக் கல்லறை ஏது? பென்னிகுவிக் மனைவியின் நகையை விற்று அணை கட்டினார் என்று ஜனங்கள் அன்பினால் சொல்வதுண்டு. செலவு அரசாங்கத்துடையதே. ஆயினும் வெள்ளம் அழித்ததையெல்லாம் மீண்டும் மீண்டும் தொடங்கிய மனவுறுதி அவருடையது; அதற்கு நகைக்கதை வேண்டுவதில்லை.

சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கான்கிரீட்டை உள்ளே இட்டு, வெளிமுகம் கருங்கல்லால் கட்டிய இவ்வணை, 1895-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி கவர்னர் வென்லாக் பிரபுவால் திறக்கப்பட்டது. தேங்கிய ஏரியின் ஜலம் தேக்கடியில் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கீழ்புறம் இறங்கி, வைரவனாறு, சுருளியாறு வழியே வைகையை அடைகின்றது.

இங்கே விவசாயிகள் கவனிக்கவேண்டிய கணக்கு ஒன்றுண்டு. அணையில் 104 அடிக்குக் கீழுள்ள ஜலம் சுரங்கத்துக்கு ஏறாது. தொடக்கத்தில் 152 அடி வரை தேக்கினர். 1979-இல் அணையின் பலம் பற்றிய ஐயத்தால் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் 142 அடியை உறுதி செய்தனர். 136 என்றால் பயன்படுவது 32 அடி. 142 என்றால் 38 அடி. ஏரியோ மேலே போகப்போக அகலுவது. ஆகவே மேல் ஆறு அடி ஜலம் அடியிலுள்ள ஆறடிக்குச் சமமன்று. ஆறடிக்காக இரு ராஜ்யங்கள் வழக்காடுவதேன் என்று வினவுவோர் இதனை உணர்தல் வேண்டும்.

பெரியாற்று ஜலத்தை இடையில் நிறுத்தி வைத்து, வேண்டிய காலத்தில் விடுவதற்கு ஆண்டிப்பட்டிப் பக்கத்தில் வைகை அணை எழும்பிற்று. 1959-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் தேதி முதலமைச்சர் காமராஜ் அதனைத் திறந்துவைத்தார். உயரம் 111 அடி. தேக்கும் அளவு 71 அடி. இப்போது வண்டல் படிந்து அதன் கொள்ளளவு கட்டிய நாளினும் குறைந்துள்ளது. மேல்நிலத்துக் காடு அழிந்து மண் அரித்து வருவது இதற்குப் பெருங்காரணம். சரிவு நிலக்காரர் கரைகட்டி உழுதால் நஷ்டம் அவருக்கும் குறையும், அணைக்கும் குறையும்.

கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் முதற்போகத்துக்கு, நீர் இருப்பு உள்ள ஆண்டுகளில் ஜூன் மாதம் முதல் தேதியை ஒட்டி ஜலம் விடுவது வழக்கம். அதற்குமுன் வாய்க்கால்களைத் தூர்வாரி, உடைந்த மடைகளைப் பழுதுபார்ப்பது அந்தந்தக் கிராமத்தாரின் பொறுப்பு. மேல்மடையில் ஒருவர் இரவில் பலகையைத் தூக்கிவிட்டால் குறைவது கடைமடையில். இத்திட்டத்தை முதலில் நினைத்தது சேதுபதி சீமை. ஜலம் கடைசியாகப் போய்ச்சேர்வதும் அச்சீமைக்கே.