நோயாளியின் ஹக்கும் மஹல்லாவின் கடமையும்

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப்போரில் சஅது இப்னு முஆது (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்தது. நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே அவருக்கு ஒரு கூடாரம் அடிக்கச் செய்தார்கள். பக்கத்தில் இருந்தால் அடிக்கடி சென்று நலம் விசாரிக்கலாம் என்பதே காரணம் என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அறிவிப்பு வந்துள்ளது. காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்துவந்த ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரம் அது என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். பின்னர் காயம் மீண்டும் உடைந்தது. அடுத்த கூடாரத்தில் தங்கியிருந்த பனூ கிஃபார் கூட்டத்தார், தங்கள் பக்கம் இரத்தம் வழிந்து வருவதைக் கண்டே அதை அறிந்தார்கள். அந்தக் காயத்திலேயே சஅது (ரலி) வபாத்தானார்கள். ஒரு மனிதரின் கடைசி நாட்கள் ஊருக்கு ஒதுக்குப்புறமாக அல்ல, ஜமாஅத் கூடும் இடத்தில், எல்லோர் கண்முன்பும் கழிந்தன என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

இப்போது நம் ஊர்களைப் பார்ப்போம். சென்னைக்கு வடக்கே, ஏரியும் கடலும் சேரும் பழவேற்காட்டில் நூற்றாண்டுகளாக முஸ்லிம்கள் வாழ்ந்து வருகின்றனர். ஜமீலாபாத் போன்ற குடியிருப்புகளில் ஆண்கள் வலையையும் படகையும் நம்பிப் பிழைக்கிறார்கள். பெண்களில் பலர் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். இத்தகைய ஊரில் ஒரு வீட்டில் மவுத்து நேர்ந்தால் ஜமாஅத்துக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. சந்தூக்கு வந்துவிடுகிறது, கபன் துணி வந்துவிடுகிறது, கபர் வெட்டுவோர் தாமாகவே புறப்படுகிறார்கள். மையித்தைக் குளிப்பாட்டுவதும், கபனிடுவதும், தொழவைப்பதும், அடக்குவதும் ஃபர்ளு கிஃபாயா என்பதை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். சிலர் செய்துவிட்டால் ஊருக்குப் பொறுப்பு நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. கவனிக்க ஆளில்லாத நோயாளியைப் பராமரிப்பதும் இதே வகைக் கடமைதான் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் எழுதியிருப்பதைத்தான் நாம் அவ்வளவாக ஓதுவதில்லை.

மவுத்துக்கு முந்திய மாதங்களை எண்ணிப் பாருங்கள். தொண்டையில் புற்றுநோய் கண்டவரைச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள். படகுக்காரருக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. பொன்னேரி போய், பஸ் மாறி, வரிசையில் நின்று, பலமுறை அலைந்த பிறகு ஒரு நாள், “இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்” என்ற சொல் வருகிறது. அன்றிலிருந்து அந்த மனிதர் ஓர் அறையிலும், அவருடைய வலி, புண், மலஜலம் அனைத்தும் ஒரே பெண்ணின் கையிலும் ஒப்படைக்கப்படுகின்றன. ஊரார் வந்து பார்க்கிறார்கள், துஆச் செய்கிறார்கள், போய்விடுகிறார்கள்.

செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற பேச்சே சரியன்று. நோயைக் குணப்படுத்த இயலாத நிலையில் வலி, மூச்சுத் திணறல், வாந்தி, புண், மனக்கலக்கம் ஆகியவற்றைத் தணிப்பதற்கென்றே ஒரு வைத்தியம் வளர்ந்திருக்கிறது. பாலியேட்டிவ் கேர், அதாவது நோய் ஆதரவுச் சிகிச்சை என்பது அதன் பெயர். இதில் பெரும்பகுதி வீட்டிலேயே செய்யக்கூடியது. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் முதுகுப் புண்ணைப் பெரும்பாலும் தடுக்கலாம். நாற்றமெடுக்கும் புற்றுப்புண் மீது மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவ நர்சு கற்றுக்கொடுப்பார். நாற்றம் குறைந்தால் பேரப்பிள்ளைகள் மறுபடி பக்கத்தில் வந்து உட்காருவார்கள். இது சின்ன விஷயமன்று.

கடும் வலிக்கு மார்ஃபின் மாத்திரை உண்டு. அபினிலிருந்து எடுக்கப்படுவதால் நம் வீடுகளில் இதைக் கேட்டதும், “ஹராமல்லவா?” என்ற தயக்கம் எழுகிறது. போதைக்காக உட்கொள்வது ஹராம்தான், அதில் ஐயமில்லை. வேறு மருந்துக்கு அடங்காத வலிக்கு, டாக்டர் சொல்லும் அளவில், சிகிச்சையாகக் கொடுப்பது வேறு. ளரூரத்து என்னும் நிர்ப்பந்த நிலையின் சட்டத்தில் வைத்து உலமாக்கள் இதை அனுமதிக்கிறார்கள். இம்மாத்திரையை வலி வந்த பின் அல்ல, நான்கு மணிக்கு ஒருமுறை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்க வேண்டும். முறையாகக் கொடுத்தால் இது ஆயுளைக் குறைப்பதில்லை. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நோயாளிகளுக்கு இது கிடைப்பதே அரிதாக இருந்தது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு வழி சற்று இலகுவாயிற்று.

நோயின் துன்பம் முஃமினின் பாவங்களைக் கழுவும் என்று ஹதீது இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அது படுத்திருப்பவருக்குச் சொல்லப்பட்ட ஆறுதல். பக்கத்தில் நிற்பவர் மருந்தைக் கொடுக்காமல் இருப்பதற்குச் சொல்லப்பட்ட சாக்கு அன்று.

மற்றொரு பாடமும் உண்டு. நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது வீட்டார் அவர்களுடைய வாயோரத்தில் மருந்தை ஊற்றினார்கள். வேண்டாமென்று அவர்கள் சைகை காட்டியும், நோயாளிக்கு மருந்தின் மீதுள்ள வெறுப்புத்தானே என்று வீட்டார் எண்ணிவிட்டார்கள். தெளிவு வந்ததும் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டித்தார்கள். விழுங்க முடியாதவரின் வாயில் நாம் அன்பின் மிகுதியால் கஞ்சியை ஊற்றுகிறோம். அது நுரையீரலுக்குள் போய் மூச்சை அடைக்கிறது. அந்த வேளையில் தேவையானது உதட்டில் ஈரப் பஞ்சு. ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் மிஸ்வாக்கை மென்று மென்மையாக்கிக் கொடுத்ததை நினைத்துக்கொள்வோம்.

தொழுகையைப் பற்றியும் வீடுகளில் கலக்கம் இருக்கிறது. மூல நோயால் துன்புற்ற இம்ரான் இப்னு ஹுசைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் படுத்தும் தொழலாம் என்று நாயகம் (ஸல்) கற்றுக்கொடுத்தார்கள். தண்ணீர் ஆகாதவருக்குத் தயம்மும் உண்டு. சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவர் ஒவ்வொரு வக்து வந்ததும் உளூச் செய்து தொழுதுகொள்ளலாம். விரிவை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். “சுத்தமில்லை” என்று நோயாளியைத் தொழுகையிலிருந்து விலக்கிவைப்பது நாமாகக் கட்டிக்கொண்ட சட்டம்.

இத்தனையும் ஒரு பெண் தனியே சுமக்கக்கூடியதா? மலையாளத்தார் இதற்குச் செயலால் விடை சொல்லியிருக்கிறார்கள். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி நிவாரணச் சங்கமொன்றைத் தொடங்கினார்கள. ஆஸ்பத்திரிக்கு வர இயலாதவர்களே அதிகம் என்பதை அவர்கள் கண்டார்கள். அதன்பின் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறம் மாவட்டத்தில் பொறுப்பு ஊர் மக்களின் கைக்கு வந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது தரக்கூடியவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். கடைகளில் உண்டியல் வைத்துச் சில்லறையாகப் பணம் திரட்டினார்கள். டாக்டரும் நர்சும் வீட்டுக்கு வந்தார்கள். அரிசி, பிள்ளைகளின் படிப்பு, பேச்சுத்துணை ஆகியவற்றை ஊரார் ஏற்றார்கள். முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் என்ற பேதம் அங்கே பார்க்கப்படவில்லை. 2008இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கையே வகுத்து, உள்ளாட்சி மன்றங்களையும் இப்பணியில் இறக்கியது.

பழவேற்காட்டுக்கு இது புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை. ஏரியில் இறாலுக்கு வலை கட்டும் இடங்களைச் சில மீனவ ஊர்களில் “பாடு” என்ற முறைப்படி பங்கிட்டுக்கொள்கிறார்கள். இன்று இன்னாருக்கு இந்த இடம், நாளை மற்றவருக்கு என்று முறைவைத்துச் சுழற்றும் பழைய ஏற்பாடு அது. நோயாளியின் வீட்டுக்கும் அப்படி ஒரு முறை வைத்தால் என்ன? திங்கள் இரவு இரண்டு வீட்டார் விழித்திருப்பது. செவ்வாய் வேறு இருவர். பகலில் ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்தால், வீட்டுக்காரி இரண்டு மணி நேரம் தூங்கி எழுவாள். இல்லையேல் ஓலை முடைந்து அன்றைய காசைப் பார்ப்பாள். பெண் நோயாளியைப் புரட்டவும் துடைக்கவும் பெண்களே வேண்டும். ஆகவே இந்த ஏற்பாட்டின் பாதிப் பொறுப்பைப் பெண்களிடம் முழுமையாகவே ஒப்படைக்க வேண்டும், பேருக்கு அன்று. சந்தூக்கு வைத்திருக்கும் பள்ளியில் தண்ணீர்ப் படுக்கை ஒன்றும், சக்கர நாற்காலி ஒன்றும் சேர்த்து வைக்கலாம்.

சர்க்காரின் உதவியையும் கேட்டு வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரைகளோடு, வீட்டுக்கு வந்து செய்யும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதியச் செய்வது ஜமாஅத்தின் ஒரு நாள் வேலை. வீட்டில் வைத்துப் பார்க்க இயலாத புற்றுநோயாளிகளை மணலியை அடுத்த மாத்தூரில் உள்ள ஜீவோதயா இல்லத்தில் கட்டணமின்றிப் பராமரிக்கிறார்கள்.

கடைசியாக, கடன் விஷயம். வலைக்கும் இஞ்சினுக்கும் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் அநேகமாக எல்லா மீனவர் தலையிலும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசினால் மவுத்தை அழைப்பதாகும் என்று வீட்டார் வாயைத் திறப்பதில்லை. நோயாளியோ இரவெல்லாம் அதையே நினைத்துக் கிடப்பார். சஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) நோயுற்றிருந்தபோது நாயகம் (ஸல்) பார்க்க வந்தார்கள்; அந்தச் சந்திப்பில்தான் வஸிய்யத்து மூன்றிலொரு பங்குக்கு மிகக்கூடாது என்ற சட்டமே பேசப்பட்டது. நினைவு தெளிவாக இருக்கும் ஒரு பகலில், வலி தணிந்த நேரம் பார்த்து, நம்பிக்கையான இருவர் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்பதை அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும்.